டெஸ்டோஸ்டிரோன் நார்மல், விந்தணு பூஜ்யம்

விந்துப் பரிசோதனையில் விந்தணு ஒன்றுகூட இல்லை என்று வந்தால், அது ஏன் இல்லை என்று ஒரு டாக்டரை உட்கார்ந்து பதில் சொல்ல வைப்பதுதான் முதல் வேலை. எங்களுக்கு அந்தப் பதில் கிடைக்க இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. அதற்குள் சேமிப்பில் பாதி போய்விட்டது. என் மனைவியின் உடம்பில் தேவையே இல்லாத ஒரு ஆபரேஷன் நடந்துவிட்டது. நான் போன் அடித்தால் எடுக்காத ஆளாகிவிட்டிருந்தேன். குழந்தையின்மை பற்றிப் பெண்கள் எழுதியதைத் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். அதிலெல்லாம் கணவர் ஓரமாக வந்து, 'அவருக்கும் கவுண்ட் கொஞ்சம் கம்மி' என்ற ஒரு வரியோடு போய்விடுவார். அந்த ஒரு வரிக்குள் உட்கார்ந்திருந்தவன் எழுதுவது இது, கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முன்கதை ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு 16 வயதாகியும் குரல் உடையவில்லை, மீசை அரும்பவில்லை. கூடப் படித்தவர்கள் ஷேவ் செய்ய ஆரம்பித்த காலத்தில் நான் சின்னப் பையனாகவே இருந்தேன். ஒரு டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு 'ஹார்மோன் கம்மி' என்று டெஸ்டோஸ்டிரோன் ஊசி ஆரம்பித்தார். சில மாதங்களில் குரல் தடித்தது, முகத்தில் முடி வந்தது, வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அந்த ஊசி அதன்பின் நிற்கவே இல்லை. சில வாரங்களுக்கு ஒருமுறை போட வேண்டும், போடாவிட்டால் சோர்ந்துவிடுவேன், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. நாளைக்குக் குழந்தை வேண்டுமென்றால் இதை நிறுத்திவிட்டு வேறு ஊசிக்கு மாற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு முன்பே அவளிடம் இதைச் சொன்னேன். 'ஊசிதானே, போட்டுக்கோங்க' என்றாள்.

ஒரு வருடம் தாண்டியும் கரு நிற்காததால் ஒரு கருத்தரிப்பு மையத்துக்குப் போனோம். முதல் நாளே ஒரு படிவம் கொடுத்தார்கள். 'தற்போது எடுக்கும் மருந்துகள்' என்ற கட்டத்தில் என் ஊசியின் பெயரை எழுதினேன். அந்தத் தாளை அதற்குப் பிறகு எவரும் புரட்டியதாகத் தெரியவில்லை. டாக்டர் பேசியதெல்லாம் அவளிடம்தான். ஸ்கேன், ரத்தம், கருக்குழாய் பரிசோதனை, கடைசியில் வயிற்றில் துளை போட்டு உள்ளே பார்க்கும் லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன். மாதாமாதம் மாத்திரை, மாதாமாதம் ஏமாற்றம். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அவளுக்கு முடிவான பிறகுதான், 'சார், நீங்களும் ஒரு சாம்பிள் கொடுத்துடுங்க' என்றார்கள். இந்த வரிசை தலைகீழ். விந்துப் பரிசோதனையில் ஊசி கிடையாது, மயக்க மருந்து கிடையாது, செலவிலும் மற்ற எல்லாவற்றையும்விடக் குறைவு. கருத்தரிக்காத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் ஏதோ ஒரு காரணம் இருக்கிறது. அதனால் இருவரையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும் என்றுதான் மருத்துவ வழிகாட்டுதல்களும் சொல்கின்றன. 12 மாதம் முயன்றும் நிற்காவிட்டால் போகலாம். மனைவிக்கு 35 வயது தாண்டிவிட்டது என்றால் 6 மாதத்திலேயே போய்விடலாம். போகும் அன்றே, 'எனக்கும் டெஸ்ட் எழுதுங்க' என்று நீங்களே கேளுங்கள். அவள் வயிற்றில் கத்தி வைக்க யாராவது தேதி குறிப்பதற்குள் உங்கள் ரிப்போர்ட் மேஜையில் இருக்க வேண்டும்.

சாம்பிள் கொடுப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன், கூச்சத்தில் யாரும் கேட்பதில்லை. 2 நாளுக்குக் குறையாமலும் 7 நாளுக்கு மேற்படாமலும் இடைவெளி வேண்டும். எச்சிலோ வழுவழுப்பு ஜெல்லோ படக்கூடாது, இரண்டுமே அணுக்களைக் கெடுக்கும். முதலில் வரும் பகுதியில்தான் அணுக்கள் அதிகம், அது சிந்திவிட்டால் மறைக்காமல் லேபில் சொல்லிவிட வேண்டும். அந்தச் சின்ன அறைக்குள் முடியவே முடியாது என்றால் வீட்டில் எடுத்து, உடம்புச் சூடு குறையாமல் பாட்டிலைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று பல லேபுகள் அனுமதிக்கின்றன. எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. கதவுக்கு வெளியே ஆள் நடக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அரைமணி நேரம் வியர்த்தேன்.

ரிப்போர்ட்டில் அளவு சரியாக இருந்தது, எண்ணிக்கைக்கு நேரே 'இல்லை' என்று இருந்தது. அளவு இருக்கும்போது அணு எப்படி இல்லாமல் போகும் என்று அன்றிரவு முழுக்க யோசித்தேன். வெளிவரும் திரவத்தில் பெரும்பகுதி விந்துப்பையிலிருந்தும் புரோஸ்டேட் சுரப்பியிலிருந்தும் வருவது. விரையின் பங்கு அதில் மிகச் சிறியது. ஆகவே பார்வைக்கு எல்லாம் வழக்கம்போலவே இருக்கும், தாம்பத்தியத்திலும் ஒரு குறையும் தெரியாது. ஆண்மைக்கும் அணு எண்ணிக்கைக்கும் சம்பந்தமில்லை என்பது எனக்கு உடம்பு வழியாகத் தெரிந்திருந்தும் மனசு நம்ப மறுத்தது. கண்ணாடியில் மீசையைப் பார்த்தால்கூட எரிச்சலாக வந்த நாட்கள் உண்டு.

ஒரே ரிப்போர்ட்டை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறத்தாழ 74 நாள் ஆகிறது, அதன்பின் குழாய்களில் பயணித்து வெளியே வர இன்னும் இரண்டு வாரம்வரை ஆகலாம். இன்று கொடுக்கும் சாம்பிள் கிட்டத்தட்ட மூன்று மாதத்துக்கு முந்தைய உடம்பின் கதையைத்தான் சொல்லும். நடுவில் கடும் காய்ச்சல் வந்திருந்தால் எண்ணிக்கை சரிந்திருக்கும், தானாகத் தேறவும் தேறும். அதனால் சில வாரம் விட்டு இரண்டாவது முறை பார்ப்பது வழக்கம். பூஜ்யம் என்று வந்தால் இன்னொன்றையும் கேளுங்கள்: சாம்பிளைச் சுழலும் கருவியில் வைத்துச் சுற்றி, அடியில் படிந்ததைப் பார்த்தார்களா? சாதாரணமாகப் பார்க்கும்போது கண்ணில் படாத ஒன்றிரண்டு அணுக்கள் அந்தப் படிவில் கிடைப்பதுண்டு. ஒன்றிரண்டு கிடைத்தாலே பேச்சு வேறு. குறைவாக வந்தவர்களுக்கும் ஒரு சொல். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் மில்லிலிட்டருக்கு 1.6 கோடி, மொத்தம் 3.9 கோடி, அசைபவை 42 சதவீதம், இயல்பான வடிவம் 4 சதவீதம் என்று கீழ் எல்லைகள் இருக்கின்றன. ஒரு வருடத்துக்குள் தகப்பன் ஆன ஆண்களை வரிசையில் நிறுத்தி, கடைசி 5 சதவீதத்தில் போட்ட கோடு அது. அதற்குக் கீழே இருந்தும் அப்பா ஆனவர்கள் அந்தக் கணக்குக்குள்ளேயே இருக்கிறார்கள். 'இயல்பான வடிவம் 4 சதவீதம்தானா' என்று பதறிப் போகிறவர்களுக்கு இதைச் சொன்னால் பாதி பயம் போய்விடும்.

அந்த மையத்தில் எனக்கு எழுதிய ரத்தப் பரிசோதனை ஒன்றே ஒன்று, டெஸ்டோஸ்டிரோன். அது நார்மல் என்று வந்தது. வராமல் எப்படி இருக்கும், வெளியிலிருந்து போட்டுக்கொண்டிருக்கிறேனே. அதைப் பார்த்துவிட்டு டாக்டர், 'ஹார்மோன் எல்லாம் சரியா இருக்கு, விரைதான் வேலை செய்யல, டோனர் அணு வெச்சுப் பண்ணிடலாம், யோசிச்சு அடுத்த வாரம் சொல்லுங்க' என்றார். சில நிமிடப் பேச்சு, அவ்வளவுதான். டோனர் வழியில் குழந்தை பெற்று நிறைவாக வாழ்பவர்களை எனக்குத் தெரியும், அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் காரணம் தெரியாமலே அடுத்த வாரத்துக்குள் எடுக்கிற முடிவா அது? வீட்டுக்கு வரும் வழியில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அதற்குப் பின் வந்த மாதங்களில் நான் பேசுவதையே குறைத்துவிட்டேன். 'ஏதாவது விசேஷமா' என்று யாராவது கேட்டால் பதில் சொல்வது அவள்தான். 'எனக்குத்தான் கொஞ்சம் பிரச்னை' என்று என்னை மறைத்து அவள் சொல்லுவாள், நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். நீ வேறு வாழ்க்கை பார்த்துக்கொள் என்று ஒருநாள் சொன்னேன். அவள் திட்டியதை இங்கே எழுத முடியாது.

இடையில் சத்து மாத்திரைக் காலம் ஒன்று ஓடியது. துத்தநாகம், ஃபோலிக் அமிலம், ஆன்டி ஆக்சிடன்ட், பெயர் தெரியாத வேர்ப்பொடி. மாதாமாதம் அதற்குப் போன பணத்தைக் கூட்டிப் பார்த்தால், பின்னால் எனக்கு உண்மையிலேயே தேவைப்பட்ட சோதனைகள் அனைத்தையும் எடுத்து மீதியும் இருந்திருக்கும். 2020இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு 2,370 தம்பதிகளை வைத்து நடந்தது. ஆண்களில் ஒரு சாராருக்குத் துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும், மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் 6 மாதம் கொடுத்தார்கள். விந்தின் தரத்திலும் குழந்தை பிறப்பதிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் ஏதும் இல்லை, மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு வயிற்றுத் தொந்தரவுதான் கூடியது. புகையை விடுவது, குடியைக் குறைப்பது, எடையைக் குறைப்பது, சூடான தொட்டிக் குளியலையும் மடிமேல் லேப்டாப்பையும் தவிர்ப்பது, இவற்றுக்குப் பணம் செலவாகாது. விரை உடம்பைவிட 2 முதல் 4 டிகிரி குளிர்ச்சியில் வேலை செய்யும்படி அமைந்தது. ஆனால் என்னைப் போல அடியோடு பூஜ்யம் என்பவர்களுக்கு இந்த மாற்றங்கள் மட்டும் போதாது. 'மூணு மாசம் இதைச் சாப்பிட்டுட்டு வாங்க' என்று காரணம் சொல்லாமல் அனுப்பினால், அந்த மூன்று மாதத்தில் உங்கள் மனைவிக்கும் வயது ஏறுகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

இரண்டாவதாகப் போன இடத்தில் நேராக ஆபரேஷன் என்றார்கள். விரையைத் திறந்து உள்ளே அணு இருக்கிறதா என்று தேடுவது. அதில் தவறொன்றும் இல்லை, உரியவர்களுக்கு அது பெரிய வரம். ஓர் அணுவை ஊசியால் நேராக முட்டைக்குள் செலுத்தும் இக்சி முறை 1992இல் பெல்ஜியத்தில் பலித்த பிறகு ஒரு முட்டைக்கு ஓர் அணு கிடைத்தாலே போதும் என்றாகிவிட்டது. 1999 வாக்கில் மைக்ரோஸ்கோப் வைத்து விரைக்குள் தேடும் மைக்ரோ டெசே வந்தது. அடைப்பு ஏதும் இல்லாமல் உற்பத்தியே குறைந்து பூஜ்யமானவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அதில் அணு கிடைக்கிறது. தேதி குறித்து, முன்பணமும் கட்டிவிட்டோம். இரவு ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்த அவள் திடீரென்று, 'ஏங்க, ஒரு விஷயம் கவனிச்சீங்களா, இத்தனை டாக்டர்ல ஒருத்தர்கூட உங்களைத் தொட்டுப் பார்க்கலையே' என்றாள். அவளை மேஜையில் படுக்க வைத்துப் பார்க்காத டாக்டர் இல்லை. என்னை எழுந்து நிற்கக்கூட ஒருவரும் சொன்னதில்லை. முன்பணம் திரும்ப வரவில்லை. அந்த நஷ்டத்துக்கு நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

மூன்றாவது டாக்டர் ஆண் மலட்டுத்தன்மையும் ஹார்மோனும் பார்ப்பவர். அரைமணி நேரம் கேள்வியாகவே கேட்டார். சின்ன வயசில் விரை இறங்காமல் இருந்ததா, பொன்னுக்கு வீங்கி எந்த வயசில் வந்தது, அடிபட்டதா, மீசை எப்போது வந்தது, என்ன மருந்து, எத்தனை வருடமாக. பிறகு திரைக்குப் பின்னால் நிற்க வைத்துப் பார்த்தார். சிறிதிலிருந்து பெரிதாக முட்டை வடிவ மணிகள் கோத்த ஒரு சரம் கையில் வைத்திருந்தார், விரையின் அளவை அதோடு ஒப்பிட. வளர்ந்த ஆணுக்கு 15 மில்லிலிட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டியது எனக்கு 4இல் நின்றது. விரையின் கனத்தில் பெரும்பகுதி அணு உற்பத்தி செய்யும் நுண்குழாய்கள்தான், அதனால் கைதொட்டுப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும் என்றார். இதற்கு மிஷினும் வேண்டாம், மயக்க மருந்தும் வேண்டாம். திரும்பி வந்து உட்கார்ந்ததும், சம்பந்தமே இல்லாததுபோல், 'உங்களுக்கு வாசனை தெரியுமா?' என்றார்.

தெரியாது. எதுவும் கருகினால் எனக்குப் புகை வந்த பிறகுதான் தெரியும். வீட்டில் அது ஒரு கேலி, நோய் என்று யாரும் நினைத்ததில்லை. கரு வளரும்போது, இனப்பெருக்க ஹார்மோனைத் தூண்டும் நரம்பணுக்கள் மூக்குப் பகுதியில் தோன்றி, வாசனை நரம்புகளின் வழியைப் பிடித்துக்கொண்டுதான் மூளையின் ஹைப்போதலாமஸுக்குப் போய்ச் சேருமாம். அந்தப் பயணம் தடைபட்டால் வாசனையும் இருக்காது, பருவமும் வராது. 1944இல் இதை விவரித்து எழுதிய ஃபிரான்ஸ் கால்மன் பெயரால் கால்மன் சிண்ட்ரோம் என்கிறார்கள். பழைய காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். முதல் ஊசி போடுவதற்கு முன் எடுத்த ரத்த ரிப்போர்ட்டை அம்மா பத்திரமாக வைத்திருந்தார். அதில் விரையைத் தூண்டும் ஹார்மோன்களான எஃப்.எஸ்.எச்., எல்.எச். இரண்டுமே அடிமட்டம். எம்.ஆர்.ஐ. எடுத்ததில் வாசனைக்கான நரம்பு முனைகள் சரியாக உருவாகவில்லை என்பதும் தெரிந்தது. டாக்டர் சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது: 'அடுப்பு நல்லாத்தான் இருக்கு தம்பி, இத்தனை வருஷமா பத்த வைக்கத்தான் ஆளில்லை.'

இங்கே கொஞ்சம் நிறுத்தி விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மொத்த விஷயமும் இதில்தான் இருக்கிறது. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி எஃப்.எஸ்.எச்., எல்.எச். என்ற இரண்டையும் சுரந்து விரைக்கு அனுப்புகிறது. எல்.எச். விரைக்குள் டெஸ்டோஸ்டிரோனை உண்டாக்கும், எஃப்.எஸ்.எச். அணு வளர்க்கும் செல்களைத் தூண்டும். விரையே பழுதாகியிருந்தால் மூளை விடாமல் தூண்டிப் பார்க்கும், அதனால் எஃப்.எஸ்.எச். ஏறி நிற்கும், விரை சிறுத்திருக்கும். எஃப்.எஸ்.எச்., விரை அளவு இரண்டும் சரியாக இருந்து அணு மட்டும் இல்லையென்றால் அடைப்பைச் சந்தேகிப்பார்கள், சிலருக்கு உற்பத்தி பாதியில் நின்றுவிடுவதும் இப்படித் தோன்றலாம். எஃப்.எஸ்.எச்., எல்.எச். இரண்டும் குறைந்திருந்தால் பிரச்னை மேலே, மூளையிலோ பிட்யூட்டரியிலோ. இந்த மூன்றாம் வகை அரிதானது, ஆனால் மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படுவது இதுதான். இதற்குள்ளேயே புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறியதால் வருவதும் உண்டு, பலருக்கு அது மாத்திரையிலேயே சரியாகிவிடுகிறது. ஆக, காலையில் எடுத்த டெஸ்டோஸ்டிரோனோடு எஃப்.எஸ்.எச்., எல்.எச்., புரோலாக்டின் எல்லாம் கையில் வராமல் 'விரை வேலை செய்யல' என்று ஒருவர் சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொன்று, டெஸ்டோஸ்டிரோன் ஊசியோ ஜெல்லோ விந்தணுவைக் கூட்டும் மருந்து கிடையாது, அதை நிறுத்தும் மருந்து. வெளியிலிருந்து வந்தால் மூளை தன் சுரப்பை நிறுத்திவிடும், விரைக்குள் இருக்க வேண்டிய செறிவு போய்விடும், உற்பத்தி படுத்துவிடும். ஆண்களுக்கான கருத்தடையாகவே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். குழந்தைக்கு முயலும் ஆணுக்கு 'சோர்வா இருக்கா, இதைப் போட்டுக்கோங்க' என்று இதை எழுதிக் கொடுப்பவர் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

அந்த டாக்டரின் வெளி பெஞ்சில் காத்திருந்த நேரத்தில்தான் நான் மறுபடி மனிதர்களோடு பேச ஆரம்பித்தேன். ஜிம் பையன் ஒருவன், உடம்பு ஏற்ற ஸ்டீராய்டு போட்டு பூஜ்யத்துக்கு வந்தவன். நிறுத்திய பிறகு பலருக்கு ஆறு மாதம், ஒரு வருடத்தில் திரும்பும், சிலருக்கு அதற்கும் மேலாகும் என்று சொல்லிக் காத்திருக்க வைத்திருந்தார்கள். இன்னொருவருக்கு வேரிகோசீல், விரையின் ரத்த நாளங்கள் புடைத்துச் சூடேறுவது. எல்லா ஆண்களிலும் 15 சதவீதம் பேருக்கு இது உண்டு, குழந்தையின்மைக்கு வருபவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல். கைக்குத் தட்டுப்படும் அளவுக்கு இருந்து, ரிப்போர்ட்டும் குறைந்திருந்தால் ஆபரேஷன் பலன் தரலாம், முன்னேற்றம் தெரிய 3 முதல் 6 மாதம். ஸ்கேனில் மட்டும் தெரிகிற சின்ன வேரிகோசீலுக்கு ஆபரேஷன் செய்து பயனில்லை என்று அவருடைய தம்பியைத் திருப்பி அனுப்பிய டாக்டர் இவர். கிளைன்ஃபெல்ட்டர் உள்ள ஒருவர் இருந்தார், ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதல். ஏறத்தாழ 600 ஆண்களில் ஒருவருக்கு இருக்கிறதாம், பலர் குழந்தைக்குப் போகும்போதுதான் கண்டுபிடிக்கிறார்கள். அவருக்கு மைக்ரோ டெசேயில் அணு கிடைத்தது.

பூஜ்யமோ மிகக் குறைவோ என்றால் குரோமோசோம் பரிசோதனையும் ஒய் குரோமோசோம் பரிசோதனையும் ஆபரேஷனுக்கு முன்பே எடுக்க வேண்டும். ஒய்யில் அணு உற்பத்திக்குத் தேவையான ஏ.இசட்.எஃப். என்ற இடத்தின் ஏ அல்லது பி பகுதி முழுதாக இல்லையென்றால் விரையைத் திறந்தும் பலனில்லை, அங்கேயே ஒரு பெரிய செலவும் வலியும் மிச்சம். சி பகுதி மட்டும் இல்லையென்றால் கிடைக்க வாய்ப்புண்டு, ஆனால் பிறக்கும் மகனுக்கும் அதே குறை போகும், அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும். புற்றுநோய்க்கு இளவயதில் கீமோ எடுத்த ஒருவரையும் பார்த்தேன். சிகிச்சை தொடங்குவதற்கு முன் விந்தை உறைய வைக்கலாம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது அந்த நிலை வந்தால், முதல் மருந்து ஏறுவதற்கு முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

என் சிகிச்சைக்கு வருகிறேன். டெஸ்டோஸ்டிரோனை நிறுத்தி எச்.சி.ஜி. ஊசி ஆரம்பித்தார்கள், வாரத்தில் சில நாள், வயிற்றுத் தோலுக்கடியில் நானே போட்டுக்கொள்வது. எல்.எச். செய்யும் வேலையை அது செய்யும். சில மாதம் கழித்து எஃப்.எஸ்.எச். ஊசியும் சேர்ந்தது. பொடியைக் கரைத்த பிறகு குளிர்ச்சியில் வைக்க வேண்டும் என்பதால் வெளியூர் போவதே ஒரு திட்டமிடல். முகப்பரு திரும்ப வந்தது, மார்புக்காம்பில் வலி வந்தது, இரண்டையும் சொன்னதும் அளவைக் குறைத்தார்கள். மலிவான சிகிச்சை என்று சொல்ல மாட்டேன், எஃப்.எஸ்.எச். ஊசி விலை அதிகம். ஆனால் முன்பு வீணாய்ப் போனதோடு ஒப்பிட்டால், இந்தத் தடவை எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தோம்.

கஷ்டமானது காத்திருப்பு. அணு தெரிய 6 மாதத்திலிருந்து 2 வருடம்வரை ஆகலாம் என்று முதலிலேயே எழுதிக் கொடுத்திருந்தார். அதை அலமாரிக் கதவில் ஒட்டி வைத்தேன். இல்லாவிட்டால் ஒவ்வொரு 'இல்லை' வந்த அன்றும் ஊசியைத் தூக்கிப் போட்டிருப்பேன். வாராவாரம் சாம்பிள் கொடுக்க ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன், அதில் பயனில்லை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். அணு தெரிவதற்கு முன்பே விரை வளர ஆரம்பித்தது, மணிச் சரத்தில் அடுத்த மணி, அதற்கடுத்த மணி என்று. எனக்கு முதலில் நம்பிக்கை தந்தது அதுதான். பிறகு ஒரு ரிப்போர்ட்டில் 'அங்கங்கே சில' என்று வந்தது. லேபுக்குப் போன் செய்து பெயர் மாறிவிட்டதா என்று கேட்டேன். அடுத்ததில் மில்லிலிட்டருக்கு 10 லட்சம், அதற்கடுத்து 30 லட்சம். நார்மலுக்குப் பக்கத்தில்கூட இல்லை. ஆனால் இந்த வகைக் குறைபாட்டில் எண்ணிக்கை குறைவாக இருக்கும்போதே இயற்கையாகக் கரு நிற்பது சகஜம், இக்சிக்கு அவசரப்பட வேண்டாம் என்றார் டாக்டர். பாதுகாப்புக்காகச் சில சாம்பிள்களை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறைய வைத்தோம். இக்சிக்கு நாள் பார்க்கலாமா என்று நாங்களே பேசிக்கொண்டிருந்த மாதத்தில் அவளுக்கு நாள் தள்ளிப்போனது. இப்போது மகள் நடக்கிறாள்.

மரபுக் காரணமாக இருக்கலாம் என்பதால் மரபியல் ஆலோசனையும் எடுத்தோம். கால்மன் உள்ளவர்களில் பலருக்கு எந்த மரபணுவில் பிழை என்றே கண்டுபிடிக்க முடிவதில்லை, எனக்கும் பிடிபடவில்லை. ஆகவே மகள் வளரும்போது பருவம் தாமதமாகிறதா, வாசனை தெரிகிறதா என்று கவனிப்போம், அவ்வளவுதான். ஆண் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். பிறந்த குழந்தைக்கு 6 மாதமாகியும் விரை இறங்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்டி, 18 மாதத்துக்குள் ஆபரேஷனை முடித்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் பின்னால் அணு உற்பத்தி பாதிக்கும், விரைப் புற்றுநோய் அபாயமும் கூடும். 14 வயதாகியும் விரை பெரிதாக ஆரம்பிக்கவில்லை என்றால் 'எல்லாம் வரும்' என்று இருக்காதீர்கள். ஊசி ஆரம்பிக்கும் டாக்டரிடம் 'இது குழந்தை பெறுவதைப் பாதிக்குமா' என்று பையன் முன்னாலேயே கேளுங்கள். அந்த ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள், எனக்கு உதவியது அந்தத் தாள்தான்.

நான் இப்போது மறுபடி டெஸ்டோஸ்டிரோனுக்குத் திரும்பிவிட்டேன். குழந்தைக்காக இல்லை, ஹார்மோன் இல்லாமல் எலும்பு வலுவிழந்துவிடும் என்பதால். எலும்பு அடர்த்தி ஸ்கேனும் அவ்வப்போது எடுக்கிறேன். இன்னொரு குழந்தை என்று முடிவானால் திரும்ப எச்.சி.ஜி. ஊசி. ஒருமுறை தூண்டப்பட்ட விரை அடுத்த முறை சீக்கிரம் வேலைக்கு வருமாம். அதுவரை உறைய வைத்ததற்கு வருடக் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கிறேன். கட்டணம் தவறினால் அழித்துவிடலாம் என்று ஒப்பந்தத்தில் எங்கோ ஒரு வரி இருக்கும், கையெழுத்துப் போடும் அன்றே அதைத் தேடிப் படித்துவிடுங்கள், வீடோ போன் நம்பரோ மாறினால் மையத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.